இரண்டு சேனலும் சேர்ந்தால்

இடது சேனலில் கேட்டால் கிழவர் பேசினார். வலதிலும் பேசினார். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்தால் மட்டும் ஆளைக் காணோம். மேடைக்குக் கீழே யாரோ இருமுவதும் நாற்காலி இழுபடுவதும் மிச்சமிருந்தன.

"கூட்டம் பூரா இருக்கு, எங்கப்பாவ மட்டும் காணோமே," என்றார் டேப் கொண்டுவந்த மிக்கேல். "நாளைக்கு நாப்பதாம் நாள் பூசையில போடணும்."

பழைய டேப் ரெக்கார்டர்களின் இந்தக் கிறுக்கு ரிப்பேர் கடை பிலோமினாவுக்குப் பழக்கம்தான். ஒரு பக்கத்து ஒயர்கள் தலைகீழாக இருந்தால், இரண்டிலும் ஒரேபோல வரும் குரல் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இடது கேபிளின் பிளக்கில் இரண்டாவது பின்னின் ஒயரையும் மூன்றாவதின் ஒயரையும் இடம் மாற்றி சால்டர் வைத்தாள். கை கழுவிவிட்டு வந்து போட்டால், மறுபடியும் இருமல். திரும்பவும் மாற்றினாள். சாப்பிட்டு வந்தாள். இருமல்.

"என்ன எழவு இது!"

அவள் கத்தியது மெஷினைப் பார்த்துத்தான். அதே கடையில் வேலை பார்க்கும் கணவர் ததேயுவோடு ஒன்பது நாளாகப் பேச்சில்லை. "அவளுக்கு சால்டரிங் சரியா வராது" என்று ஒரு வாடிக்கையாளர் முன்னால் சொன்னவர்.

மூன்றாம் முறை சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு திரும்பினாள். மெஷினுக்குப் பின்னால் ததேயு இன்னொரு அயர்னோடு குனிந்திருந்தார். மெஷினின் சாக்கெட்டில் அதே இரண்டு ஒயர்கள். புதிதாக வைத்த ஈயம் பளபளத்தது. அவள் ஒவ்வொரு முறை சரிசெய்தபோதும் அவரும் சரிசெய்து, பழையபடி தலைகீழாக்கியிருக்கிறார்.

"ஒருத்தர் மாத்தினாப் போதும்," என்றாள் பிலோமினா.

ததேயு நிமிர்ந்தார்.

"யாரு?"

இரண்டு அயர்னிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.