மூன்று முறை விழுந்த ராணி

ஆவடி குவார்ட்டர்ஸ் கிளப்பில் அன்று அவசரக் கூட்டம். மறுநாள் ஆண்டு விழாவில் செஸ் சாம்பியனோடு மோத எந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமை நிறுத்துவது? ஜெயபால் எழுதியது ஒன்று, எட்மண்ட் எழுதியது ஒன்று. இரண்டையும் மோதவிட்டதில் ஜெயபாலுடையது மூன்று ஆட்டத்தையும் ஜெயித்திருந்தது.

“எட்மண்டோடதையே வச்சுக்கலாம்” என்றார் செயலாளர் கோவிந்தராஜ்.

ஞானசௌந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தோத்ததை எதுக்குண்ணே மேடையேத்தணும்? ஜெயபாலோடதை வைங்க.”

“இன்னாம்மா நீ, கட்டின புருஷன் எழுதினதையே வாணாங்கிற?”

“மூணு ஆட்டத்துலயும் ராணியைச் சும்மா தூக்கிக் குடுத்துச்சு. நீங்களும் பார்த்துக்கினுதானே இருந்தீங்க?”

“குடுக்கட்டுமே. பெரிய ஆபீசருங்கல்லாம் வர்றாங்க. அவங்க எதிர்ல மிஷின் ஜெயிச்சிடுச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிடும்.”

“ஏறட்டும்.”

எட்மண்ட் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஒரே தப்பை மூணு தடவை செய்யிற ஆளு நீங்க இல்லை. ராணியைக் குடுத்துடுன்னு நீங்கதானே அதுல எழுதி வச்சீங்க?”

“உனக்காகத்தான் சௌந்தரி” என்று முணுமுணுத்தான் எட்மண்ட்.

அவனுடைய புரோகிராம் இருந்த ஃபிளாப்பியை மேஜையிலிருந்து எடுத்து அவன் கையிலேயே திணித்தாள்.

“மூணு வருஷமா இங்க அத்தனை ஆம்பளைங்களையும் ஜெயிச்சு சாம்பியனா இருக்கேன். நாளைக்கு அந்த மிஷினுக்கு எதிர்ல உக்காரப்போறவளும் நான்தான். விட்டுக் குடுத்து வர்ற கப்பு எனக்கு வாணாம். ஜெயபாலோடதைப் போடுங்கண்ணே. தோக்கிறதா இருந்தா, அதையும் நானே ஆடித் தோத்துக்கிறேன்.”