வசவு

மலை உச்சி முகாமிலிருந்து ராணுவ லாரி இறங்கிக்கொண்டிருந்தது. தார் காணாத பாதை. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஓட்டி ஓட்டி சங்கிலிமுத்துவின் தோள்கள் மரத்துப்போயிருந்தன. பக்கத்து இருக்கையில் இன்னொரு டிரைவரான ஆசீர், உயரம் ஒத்துக்கொள்ளாமல், உதடு நீலம்பாரித்துச் சாய்ந்திருந்தான். கீழே ஆஸ்பத்திரி சேரும்வரை அவனை உறங்க விடக்கூடாது என்று முகாம் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்குத் தூக்கத்தை விரட்ட ஒரே வழிதான். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே போவார்கள்.

“ஏல மூதி, ஒனக்கெல்லாம் எவம்ல லைசென்சு குடுத்தான்?”

“நீங்க ஓட்டுத லட்சணத்துக்கு, நோவுக்கு முன்னால நீங்களே என்னைக் கொன்னுருவிய அண்ணே.”

சங்கிலிமுத்து சிரித்தார். அடுத்த வளைவில் ஓடைநீர் பாதையைப் பாதி அரித்திருந்தது. பின்சக்கரம் ஒருகணம் காற்றில் சுழன்று மறுபடி மண்ணைப் பிடித்தது. அதைத் தாண்டியதும் ஆசீரின் சமையலைத் திட்டினார். அவன் ஊரைத் திட்டினார். ஆசீரின் கண்கள் மூடியிருந்தன. அவன் தலை கண்ணாடியில் இடித்துக்கொண்டே வந்தது.

கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டார். “ராசா, இந்தா வந்துட்டோம்யா. கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு.”

ஆசீர் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தான்.

“என்னண்ணே, ராசாங்கிய? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?”

கீழே வளைவுகள் இன்னும் நிறைய இருந்தன. சங்கிலிமுத்து வாயைத் திறந்தார். ஒரு வசவுகூட வரவில்லை.