பூனை மீசை

பள்ளிக்கூடத்து அரங்கில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். தோளில் கைக்குழந்தையோடு ஓடி வந்தவள் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். சன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் காலி மேடையின் தூசி மினுங்குகிறது. மேடைப் படியில், மையால் வரைந்த பூனை மீசையோடு மூத்த மகள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவைக் கண்டதும் எழுந்து வருகிறாள். முகத்தில் துளியும் கோபம் இல்லை. "அலாரம் வெச்சிருந்தேன்டா கண்ணு. அடிக்கவும் செஞ்சுது. தம்பிக்குப் பால் குடுத்துட்டு இருந்தேனா, எதுக்கு அடிக்குதுன்னு எவ்வளவு யோசிச்சும்..." அம்மா குழந்தையைத் தோள் மாற்றிக்கொள்கிறாள். வீட்டில் நாடகத்துக்கான 'மியாவ்' சத்தத்தை மகளைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்டவள் அவள். பழைய தலையணை உறையை வெட்டி வால் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். சின்னவன் பிறந்ததிலிருந்து அடுப்பில் பாலை மறந்தாள், கதவைப் பூட்ட மறந்தாள். அதையெல்லாம் வீட்டில் எல்லோரும் சிரித்தே கடந்தார்கள். மகள் எட்டி, தம்பியின் காலில் நழுவியிருக்கும் சாக்ஸை இழுத்துவிடுகிறாள். "பரவால்லம்மா. எல்லாரும் நல்லா கை தட்டினாங்க." "டீச்சர் எனக்காகக் காத்துட்டு இருந்தாங்களா?" "இல்லம்மா. நீ வரமாட்டேன்னு நான் காலையிலேயே சொல்லிட்டேன்."