ஏறாத பெட்ரோல்

பங்க்கில் பெட்ரோல் போடும் நாசில் மறுபடியும் டக்கென்று நின்றது. கார் டேங்கின் வாயில் பெட்ரோல் பொங்கி வழிந்தது. தேவாவுக்கு வியர்த்தது. மதியத்துக்குள் திண்டிவனத்தைத் தாண்டியாக வேண்டும்; ரிசர்வ் விளக்கோ அணைவதாக இல்லை.

"இன்னாம்மா, ஒரு லிட்டர்கூட ஏறல. ஜல்தி போடும்மா!"

"உள்ள இருக்கிற காத்து வெளிய போவலண்ணா. அதுக்கான குழாய் அடைச்சிக்கினு இருக்கு. அதான் எதுத்துக்கினு வருது," என்றாள் பங்க்கில் வேலை பார்க்கும் இசைவாணி. "இந்த ரிப்பேரு தெரிஞ்ச ஒருத்தர் விழுப்புரத்துலயே இருக்காரு. போன் பண்ணட்டுமா?"

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தேவா தலையாட்டினான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பைக்கின் பின்சீட்டிலிருந்து துரைக்கண்ணு இறங்கினார். நெற்றி நிறைய விபூதி.

"சாவியக் குடு தம்பி. ஆன்ல இருந்தா ஏறாது."

தேவா கொடுத்தான். அவர் குனிந்துகூடப் பார்க்காமல் பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, மடிந்து கிடந்த குழாயை நிமிர்த்தினார். பெட்ரோல் தடையில்லாமல் இறங்கியது.

தேவாவுக்கு மூச்சு வந்தது. "கண்ண மூடிக்கினே செய்யிறீங்களே! பெரிய மெக்கானிக்குதான்."

"நான் மெக்கானிக் இல்ல தம்பி." துரைக்கண்ணு சாவியை மடியில் செருகிக்கொண்டார். "ரெண்டு வருஷமா இந்த வண்டிக்கு இதே பங்க்குல இப்படித்தான் ரொப்பிக்கினு இருக்கேன். காலைல திருவாமாத்தூர் கோயிலாண்ட சாவிய வண்டியிலயே வுட்டுட்டு சாமி கும்புடப் போனேன். திரும்பி வந்தா வண்டியக் காணோம்."