வேலியில் இல்லாத துணி

"மருந்து அடிக்கிறதுக்கு முந்தின சாயங்காலம் வேலியில இந்தச் சிவப்புத் துணியைக் கட்டிடுறேன். நீ பெட்டியை மூடி வெச்சுக்கோ."

"மறந்துட்டீங்கன்னா?"

"உன்னை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்."

கல்யாணமான புதிதில் கணவன் சொன்னது. வீட்டுக்கு முன்னால் அவனுடைய பூசணித் தோட்டம். பின்னால் அவளுடைய பதினான்கு தேனீப் பெட்டிகள்.

ஐந்து வருஷம் மறக்கவில்லை. போன கோடையில் ஒரு நாள் மறந்தான். துணியைக் கட்டியாச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். வெயிலுக்காக அதைக் கட்டியிருந்தது தலையில்.

மறுநாள் மதியத்துக்குள் பதினோரு பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன.

மிஞ்சிய மூன்று பெட்டிகளோடு அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கிளம்பியபோது கணவன் வாசலில் நின்று வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

தேனீ போதாமல் அந்த வருஷம் அவன் தோட்டத்தில் பூத்த பூவெல்லாம் காய்க்காமலே உதிர்ந்தது. கேள்விப்பட்டபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

தேனீக்களுக்கு வேலியும் தெரியாது, வீம்பும் தெரியாது. உன் பெட்டிக்காரிகளுக்கு ரோஷமே இல்லை, விடிந்தால் மாப்பிள்ளை தோட்டத்துக்கே ஓடுறாளுக என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அவள் தினமும் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நின்று வேலியைப் பார்ப்பாள். இந்தக் கோடையில் ஒரு நாள்கூட அங்கே துணி இல்லை.

அதுதான் பயம். மருந்து இல்லை என்றாலும் துணி இருக்காது. மறந்துவிட்டாலும் இருக்காது. சந்தேகத்துக்குப் பெட்டியை மூடியே வைத்தாலோ, இந்த வெக்கையில் எல்லாம் உள்ளேயே வெந்துவிடும்.

நேற்றும் துணி இல்லை. விடிந்ததும் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

எட்டு மணிக்குத் தற்செயலாக நிமிர்ந்தவள் அவனைப் பார்த்தாள். முதுகில் ஸ்பிரேயர் டேங்க், கையில் குழல். தோட்டத்தின் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

பூசணிப் பூ மதியத்துக்குள் சுருங்கிவிடும். அவளுடைய தேனீக்கள் அத்தனையும் இப்போது அந்தப் பூக்களுக்குள்தான் இருக்கும்.

ஓடினாள். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த மண் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. வேலிமுள் புடவையை இழுத்துக் கிழித்தது. "ஏங்க" என்று கூப்பிட வாயெடுத்தாள். ஒரு வருஷமாகச் சொல்லாத சொல், வரவில்லை.

அவன் குழலைத் தாழ்த்தினான். விசையை அழுத்தினான்.

கொடிகளை மிதித்துக்கொண்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. மருந்து வாடையே இல்லை.

டேங்க் புதுசு. லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. சுற்றிலும் பூச்சி கடித்து ஓட்டையான இலைகள். அவற்றுக்கு நடுவே, கைப்பிடி அளவில் பிஞ்சுகள்.

குழலின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு மண்தட்டு. தட்டு நிறைய மடிப்பு மடிப்பாக அந்தச் சிவப்புத் துணி, ஊறிக் கிடந்தது. ஈரத் துணியின் மேல் வரிசையாக உட்கார்ந்து அவளுடைய தேனீக்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

வெறும் தட்டில் தண்ணீர் வைத்தால் வழுக்கி விழுந்து மூழ்கிவிடுகின்றன என்றான். அவள் கேட்காமலே சொன்னான். வாய்க்கால் வற்றியதிலிருந்து தினமும் காலையில் ஊற்றுகிறானாம்.

அவள் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தான். அன்றைக்கு வாசலில் திறந்து மூடிய வாய் இன்றைக்கும் திறந்தது.

"பெட்டியெல்லாம் பழைய இடத்துக்கே கொண்டு வந்துடேன்" என்றான். பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"நீயும் வந்துடு."