ஐந்தாவது வாரம்

பக்கவாதம் வரவைத்த எலிகளின் காலில் அக்குபஞ்சர் ஊசி குத்தி, மூலிகைத் திரியால் சூடு காட்டி, பதினோரு வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் பூங்கோதை. ஐந்தாவது வாரமும் நடக்காத எலியின் காதிலிருந்து எண் வில்லையைக் கழற்றி டப்பாவில் போடுபவளும் அவள்தான். வில்லை கழன்றால் அந்த எலி கணக்கில் இல்லை; ஆய்வுக் கட்டுரையில், நடந்த எலிகள் மட்டுமே வரும்.

இப்போது பக்கவாதத்தில் விழுந்து கிடப்பது அவள் கணவன் மயில்சாமி. ஆஸ்பத்திரியில் வைத்தியத்தை முடிவு செய்யும் இயந்திரம், வெளிவந்த கட்டுரைகளையெல்லாம் படித்துவிட்டு, ஊசியும் திரியும் போதும், வேறெதுவும் தர வேண்டாம் என்றது.

"அந்த எலிங்கள நான்தானுங்க டாக்டர் பார்த்துக்கிட்டேன். பாதிக்கு மேல நடக்கவே இல்லீங்க."

"எந்தக் கட்டுரையில வந்துச்சு?"

"எதுலயும் வரலீங்க."

"அப்புறம் மெஷினுக்கு எப்படிம்மா தெரியும்?"

மயில்சாமி கோணிய வாயால் சிரித்தான். "எலிக்கெல்லாம் வச்சே. எனக்கு வைக்க மாட்டியா, கண்ணு?"

தினமும் காலையில் அவளே திரியைப் பற்றவைத்து, சூடு தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு அவன் காலருகே பிடித்தாள். கட்டைவிரல்கூட அசையவில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை நர்ஸ் சின்னக் கத்தரிக்கோலுடன் வந்தாள். "அஞ்சு வாரம் முடிஞ்சுதுங்கக்கா. கட்டுரையில, நடந்தவங்கள மட்டும்தான் எழுதுவாங்க," என்றபடி மயில்சாமியின் மணிக்கட்டிலிருந்த எண் பட்டையை வெட்டினாள்.

"வீட்டுக்கு விடறாங்களா, கண்ணு?" என்றான் அவன், ஆசையாக.

பதினோரு வருடப் பழக்கத்தில் பூங்கோதையின் கை தானாக நீண்டு அந்தப் பட்டையை வாங்கிக்கொண்டது.