படத்தில் ஓர் ஆள் அதிகம்

விளம்பரத்துக்காக மூக்குக்கண்ணாடிகளைப் படமெடுப்பது அக்காவின் தொழில். கண்ணாடிச் சில்லில் விழும் பிம்பங்களைக் கணினியில் அழிப்பது தம்பியின் வேலை.

"அக்கா, நீ தனியாத்தானே எடுத்தே? இதுல ரெண்டு பேர் தெரியுதே!"

உற்றுப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் அவள். அவளை ஒட்டினாற்போல் இன்னோர் உருவம். தம்பியையும் பக்கத்தில் நிறுத்தி எடுத்தாள். சில்லில் மூன்று பேர் தெரிந்தார்கள்.

அவன் கதவுப் பக்கம் நகர்ந்தான். அவளையோ ஆவல் பிடுங்கித் தின்றது.

"வா, ரெண்டு பேருமே வெளியே நின்னு பார்ப்போம்."

டைமரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். 'க்ளிக்' கேட்டதும் உள்ளே ஓடினார்கள். படத்தில் வெறும் மேசைதான் இருந்தது, மூக்குக்கண்ணாடியைக் காணோம்.

மேசையில் அது வைத்தது வைத்தபடியே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். மூக்கில் படும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது.